எண்ணிக்கை நின்றால், ஏறினால், இறங்கினால்: வளவில் வைத்த மியூவான் தொலைநோக்கியின் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடிக்கு அருகில் எங்கள் பூர்வீக வீட்டின் வளவில், தேக்குத் தூண்கள் இரண்டுக்கு நடுவே, ஒரு சிறிய மியூவான் தொலைநோக்கி நிற்கிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் மியூவான் என்னும் நுண்துகள்களை எண்ணும் கருவி இது. 30 சென்டிமீட்டர் பக்கமும் 1 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட, துகள் கடக்கும்போது ஒளிரும் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பலகைகள் இரண்டை, ஒன்றின்மேல் ஒன்றாக 1 மீட்டர் இடைவெளியில் இரும்புச் சட்டத்தில் படுக்க வைத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும், அந்த ஒளியை மின்துடிப்பாக மாற்றிப் பெருக்கும் ஒரு போட்டோமல்டிபிளையர் குழாயைப் பொருத்தியிருக்கிறேன். துகள் உணரிகளோடு பல ஆண்டுகள் ஆய்வகத்தில் பழகியவன் என்பதால், சனிக்கிழமைகளில் வரும் கல்லூரி மாணவர்களுக்குக் கருவியை இயக்கக் கற்றுக்கொடுப்பது எளிதாகவே இருந்தது. அது பழுதானால் என்ன செய்வது என்பதைக் கற்றுக்கொடுப்பதுதான் கடினமாக இருந்தது. அவர்கள் கேட்ட கேள்விகளின் வரிசையிலேயே, கருவியில் தென்படும் அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேடும் முறையை இங்கே எழுதுகிறேன்.

கருவி சரியாக இருந்தால் என்ன காட்ட வேண்டும் என்று தெரியாதவருக்குப் பழுது எது என்றும் தெரியாது. கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில், படுக்கை நிலையில் உள்ள ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 மியூவான் கடந்து செல்கிறது. ஆகவே 900 சதுர சென்டிமீட்டர் பலகை ஒன்றின் வழியாக விநாடிக்கு 15 மியூவான்கள் போகும். இரண்டு பலகைகளையும் ஒன்றாகக் கடப்பவை, அதாவது உடனிகழ்வுகள், 1 மீட்டர் இடைவெளியில் நிமிடத்திற்கு 30 அளவில்தான் கிடைக்கும். தனிப் பலகையின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருப்பது இயல்பே. தரையிலும் சுவரிலும் உள்ள பொட்டாசியம், தோரியம் போன்றவற்றிலிருந்து வரும் காமாக் கதிர்களையும், குழாயின் சொந்த இரைச்சலையும் அது சேர்த்தே எண்ணுகிறது. மேலே கனத்த மச்சு இருப்பதால் மியூவான்கள் குறையுமே என்று ஒரு மாணவர் கவலைப்பட்டார். கோலார் தங்கச் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வைத்த கருவிகளையே மியூவான்கள் எட்டியிருக்கின்றன. செங்கல்லும் சுண்ணாம்புமான மச்சு அவற்றுக்குப் பொருட்டல்ல.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தம் 1500 வோல்ட் அளவிலானது. அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், மின்னழுத்தத்தைச் சுழிக்கு இறக்கி, இணைப்பைப் பிடுங்கி, சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மறு கையால் மட்டும் வேலை செய்யும் பழைய ஆய்வகப் பழக்கத்தை நான் இன்னும் விடவில்லை.

அறிகுறி: எண்ணிக்கையே இல்லை

இது பார்க்க அச்சமூட்டினாலும், இருப்பவற்றுள் எளிய பழுது இதுதான். முதலில் உயர் மின்னழுத்தக் கருவியின் மின்னோட்ட அளவைப் பாருங்கள். குழாய்க்கு மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் அடிப்பகுதியான பேஸில் உள்ள மின்தடைத் தொடர் மொத்தம் 5 மெகா ஓம் என்றால், 1500 வோல்ட்டில் 0.3 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். சுழி என்று காட்டினால், மின்னழுத்தம் குழாயை எட்டவே இல்லை. கேபிளிலோ கனெக்டரிலோ தொடரின் ஒரு மின்தடையிலோ அறுப்பு இருக்கிறது. மின்னோட்டம் சரியாக இருந்து துடிப்பு மட்டும் வரவில்லை என்றால், சமிக்ஞைக் கேபிளை, துடிப்பின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் நேராகச் செருகிப் பாருங்கள். அங்கே துடிப்பு தெரிந்தால், குறித்த உயரத்தைத் தாண்டும் துடிப்பை மட்டும் எண்ண அனுப்பும் டிஸ்கிரிமினேட்டர் பக்கம் பழுது இருக்கிறது. பெரும்பாலும் அந்த உயர வரம்பை, அதாவது த்ரெஷோல்டை, யாரோ ஏற்றிவைத்திருப்பார்கள். அங்கேயும் தெரியவில்லை என்றால், துடிப்பு எதிர்மறையாக வர, ஆசிலாஸ்கோப்பின் பதிவைத் தொடங்கிவைக்கும் டிரிகர் நேர்மறைச் சரிவில் காத்துக்கொண்டிருக்கலாம்.

அறிகுறி: உச்சிப் பொழுதில் எண்ணிக்கை ஏறி, மாலையில் இறங்குகிறது

எங்கள் கருவியில் அதிகம் தொல்லை கொடுத்தது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வளவின் முற்றம் வானம் பார்த்தது. காலை 11 மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே இறங்கி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு பட்டையாக விழுந்து, பிற்பகல் 2 மணி வரை மெல்ல நகரும். அந்த மூன்று மணி நேரமும் மேல் பலகையின் தனி எண்ணிக்கை நான்கு மடங்காகியது. மாணவர்கள் கண்ட விளக்கம், சூரியனிலிருந்து துகள்கள் வருகின்றன என்பது. கீழ்ப் பலகை ஏன் அசையவில்லை என்று கேட்டபோது பதில் இல்லை.

பகலில் கூடுவதற்கு இரண்டு காரணங்களே பெரும்பாலும் இருக்கும்: வெளிச்சம் அல்லது வெப்பம். இரண்டும் ஒரே வேளையில் ஏறுவதால் குழப்பம் வருகிறது. ஆனால் இரண்டும் இறங்கும் வேகம் வேறு. ஒரு மேகம் வெயிலை மறைக்கும்போது எண்ணிக்கையைக் கவனியுங்கள். விநாடிகளுக்குள் விழுந்தால் வெளிச்சம் கசிகிறது. மேகத்தைப் பொருட்படுத்தாமல், வெயில் உச்சிக்கு வந்து சில மணி நேரம் கழித்து எண்ணிக்கை உச்சத்துக்கு வந்தால் அது வெப்பம். ஒளி பட்டால் எலக்ட்ரானை உமிழும் குழாயின் ஒளிமின் முனையிலிருந்து வெப்பத்தால் எலக்ட்ரான்கள் தாமாகவே கிளம்புகின்றன. மேகத்துக்காகக் காத்திருக்க முடியாதவர்கள் இரட்டை மடிப்புக் கருப்புத் துணியைப் பலகைமேல் போட்டு 10 நிமிடமும், எடுத்துவிட்டு 10 நிமிடமும் எண்ணிப் பார்த்தால் போதும்.

கசிவு உறுதியானால் அதன் இடத்தைக் கண்டுபிடிக்க, முற்றத்துக் கதவுகளைச் சாத்திவிட்டு, இருட்டில் கைபேசி விளக்கை மிக அருகில் பிடித்து, ஒட்டிய விளிம்புகள் நெடுக விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்துங்கள். ஒருவர் விளக்கைப் பிடிக்க, மற்றவர் எண்ணிக்கையைப் படிக்க வேண்டும். எங்கள் பலகையில் கசிவு இருந்தது, பலகையின் ஒளியைக் குழாய்க்குக் கொண்டுசெல்லும் ஒளிவழிகாட்டி குழாயோடு சேரும் கழுத்தில். சாதாரணக் கருப்பு இன்சுலேஷன் டேப்பைத்தான் சுற்றியிருந்தோம். சித்திரை வெயிலில் அதன் பசை இளகி, டேப் ஒரு நூல் அளவு பின்வாங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிளவே போதுமானதாக இருந்தது. மேலும் அந்த டேப் ஒற்றைச் சுற்றில் முழு இருட்டைத் தராது. கருப்புத் தாள் ஒரு சுற்று, அதன்மேல் துணிப் பின்புலம் கொண்ட டேப் இரண்டு சுற்று, கழுத்தில் மட்டும் கூடுதலாக ஒன்று என்று மாற்றிய பிறகு வெயில் பட்டை தன் போக்கில் நகர்ந்துகொண்டிருக்கிறது, எண்ணிக்கை அசைவதில்லை.

பெட்டிக்கு உள்ளேயே விளக்கு இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பேஸ் அட்டையில் மின்சாரம் வருவதைக் காட்டும் கடுகளவு பச்சை எல்.இ.டி. ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

இங்கே செய்யக் கூடாத இரண்டு காரியங்கள் உண்டு. த்ரெஷோல்டை ஏற்றினால் ஒளிக்கசிவின் சிறு துடிப்புகள் மறையும். அவற்றோடு மியூவான்களில் ஒரு பகுதியும் மறையும். மின்னழுத்தம் இருக்கும்போதே பலகையின் மறைப்பைப் பிரிப்பது அதைவிட மோசம். அறை வெளிச்சத்தில் குழாய் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துக் கெட்டுப்போகும். மின்னழுத்தம் இல்லாத நிலையில் வெளிச்சம் பட்டால் பாதகமில்லை என்றாலும், இருளில் வைத்த பிறகு இரைச்சல் பழைய நிலைக்கு இறங்கப் பல மணி நேரம் ஆகும். ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் எண்ணுங்கள்.

அறிகுறி: குறிப்பிட்ட வேளையில் இரு பலகைகளும் ஒன்றாகக் குதிக்கின்றன

இதற்கு ஒரே ஒரு சோதனை, அதுவும் ஒரு நிமிடச் சோதனை: உயர் மின்னழுத்தத்தைச் சுழிக்கு இறக்கிவிட்டு எண்ணுங்கள். மின்னழுத்தம் இல்லாத குழாய் ஒளியையும் காணாது, துகளையும் காணாது. அப்போதும் எண்ணிக்கை வந்தால், கேபிள்களும் எர்த்தும் வெளியிலிருந்து மின் இரைச்சலைப் பிடிக்கின்றன. ஆசிலாஸ்கோப்பில் இந்த இரைச்சலின் வடிவமே வேறாக இருக்கும். குழாயின் துடிப்பு ஒரே பக்கமாகச் சட்டென விழுந்து மெல்ல எழும். இரைச்சலோ மேலும் கீழுமாக அதிர்ந்து அடங்கும், இரு கேபிள்களிலும் ஒரே நொடியில் தெரியும். நேர இடைவெளியும் துப்புக் கொடுக்கும்: 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை வந்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் கைவரிசை, 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை வந்து, உயர் மின்னழுத்தத்தை இறக்கியதும் மறைந்தால், அது விநாடிக்கு 100 முறை மினுங்கும் டியூப்லைட்டின் வெளிச்சம்.

எங்கள் வீட்டில் காலை 10 மணிக் குதிப்பு, இரண்டாங்கட்டில் கிரைண்டர் ஓடத் தொடங்கும் நேரத்தோடு பொருந்தியது. கிரைண்டரை வேறு பிளக்கில் போடச் சொன்னோம். குதிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் ஏறியதும் நிலைமை இன்னும் மோசமானது, ஏனெனில் விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தரும் சதுர வடிவ மின்னோட்டத்தில் கூர்மையான விளிம்புகள் மிகுதி. கடைசியில் வந்த எலக்ட்ரீஷியன் கருவியை ஏறிட்டும் பார்க்கவில்லை. டெஸ்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார். ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 14 வோல்ட் காட்டியது. “எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தி எத்தனை வருசமாச்சுங்க ஐயா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கொல்லையில் குழி இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே ஆயாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. செம்புறாங்கல் மண், உப்பும் கரியும் போட்ட குழி ஓட்டாய்க் காய்ந்து கிடந்தது. தண்ணீர் தேக்கி, உப்பும் கரியும் புதிதாக இட்டு, கம்பி முனையைச் சுரண்டி இறுக்கியதும் டெஸ்டரின் முள் இறங்கியது.

அதற்குப் பிறகும் எஞ்சிய சிறு இரைச்சலுக்குக் காரணம் எங்கள் அமைப்பு. ஆசிலாஸ்கோப் ஒரு சுவரிலும் உயர் மின்னழுத்தக் கருவி எதிர்ச்சுவரிலும் செருகப்பட்டிருந்ததால், எர்த் கம்பியும் கேபிளின் உறையும் சேர்ந்து வளவைச் சுற்றிவரும் ஒரு பெரிய வளையமாகியிருந்தன. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகியவுடன் அது மறைந்தது. இரைச்சலை ஒழிக்கிறேன் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 1500 வோல்ட் கருவியில் அதைச் செய்பவர் இரைச்சலோடு தம்மையும் ஒழித்துக்கொள்வார்.

அறிகுறி: உடனிகழ்வுகள் அளவுக்கு மீறிக் கிடைக்கின்றன

நிமிடத்திற்கு 30 வர வேண்டிய இடத்தில் 78 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மகிழ்ச்சி அடைவதற்கு முன், தொடர்பே இல்லாத இரண்டு துடிப்புகள் தற்செயலாக ஒன்றாக விழும் வாய்ப்பைக் கணக்கிட வேண்டும். இரு பலகைகளின் தனி எண்ணிக்கைகளையும் ஒன்றோடொன்று பெருக்கி, டிஸ்கிரிமினேட்டர் தரும் துடிப்பின் அகலத்தாலும் பெருக்கி, வந்ததை இரட்டிப்பாக்கினால் தற்செயல் உடனிகழ்வு கிடைக்கும். ஒவ்வொரு பலகையும் விநாடிக்கு 2000 எண்ணி, துடிப்பின் அகலம் 100 நானோ விநாடி என்றால், விநாடிக்கு 0.8, அதாவது நிமிடத்திற்கு 48. உண்மையான 30 உடன் இந்த 48 சேர்ந்ததுதான் நீங்கள் கண்ட 78.

கணக்கை நம்பாதவர்கள் அளந்தே பார்க்கலாம். ஒரு பலகையின் துடிப்பை 200 நானோ விநாடி தாமதப்படுத்தினால், உண்மையான மியூவான்கள் உடனிகழ்வாகப் பதிவாகாது. தற்செயல்கள் மட்டும் எஞ்சும். கேபிளில் சமிக்ஞை 1 மீட்டரைக் கடக்க 5 நானோ விநாடி ஆகும் என்பதால் இதற்கு 40 மீட்டர் கேபிள் தேவை. ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்டு கிடக்கும் செட்டிநாட்டு வீட்டில் இருப்பதன் பயனை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். கேபிளைச் சுருட்டாமல் முகப்பு வரை கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்தோம். நீண்ட கேபிள் துடிப்பைச் சிறிதாக்கி மழுங்கடிக்கும் ஆகையால், அதை டிஸ்கிரிமினேட்டருக்குப் பின்னால்தான் இணைக்க வேண்டும். முன்னால் இணைத்தால் வேறொரு பழுதை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

தீர்வு மூன்று வகைப்படும். துடிப்பின் அகலத்தைப் பாதியாக்கினால் தற்செயல் பாதியாகும். இரு பலகைகளின் இரைச்சலையும் பாதியாக்கினால் அது கால் பங்காகும். எனவே ஒளிக்கசிவை அடைப்பதே இங்கும் முதல் வேலை. வசதி இருந்தால் நடுவே மூன்றாவது பலகை ஒன்றை வையுங்கள். மூன்றும் தற்செயலாக ஒன்றுசேர்வது அரிது. புரூனோ ரோஸி 1930-இல் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அமைத்த உடனிகழ்வுச் சுற்று, இரண்டுக்கு மேற்பட்ட எண்ணிகளை இணைக்க இடம் தந்ததனால்தான் காஸ்மிக் கதிர் ஆய்வில் அவ்வளவு வேகமாகப் பரவியது.

அறிகுறி: ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இன்னொரு துடிப்பு

இரண்டாவது துடிப்பு எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பதை அளந்தால் காரணம் தானே வெளிப்படும். எப்போதும் மாறாமல் 100 நானோ விநாடி கழித்து வந்து, உங்கள் கேபிளும் 10 மீட்டர் என்றால், அது எதிரொலி. கேபிளின் முனையில், துடிப்பை உள்வாங்கிக்கொள்ளும் 50 ஓம் மின்தடையான டெர்மினேட்டர் இல்லாததால் துடிப்பு திரும்பிப் போய், மறுபடியும் வருகிறது. போக 50, வர 50. டெர்மினேட்டர் போட்ட பிறகும் எதிரொலி மிச்சமிருந்தால் கேபிளையே சந்தேகியுங்கள். ஒருமுறை கடையில் 50 ஓம் என்று சொல்லிக் கொடுத்த கேபிள், உண்மையில் தொலைக்காட்சிக்குப் பயன்படும் 75 ஓம் கேபிளாக இருந்தது. முதல் துடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு, எதிர்ப்பக்கமாக ஒரு சிறு மேடு தெரிந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். உறையை உரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கேபிளின் நீளத்தை மாற்றியும் நேரம் மாறவில்லை என்றால், குழாய்க்குள் எஞ்சியுள்ள வாயு அணுக்கள் அயனியாகி ஒளிமின் முனையைத் தாக்குவதால் வரும் பின்துடிப்பு அது. ஹீலியம் கண்ணாடியையே ஊடுருவக் கூடியது என்பதால், ஹீலியம் கசியும் அறையில் குழாயை வைக்கக் கூடாது. மாறாக, இரண்டாவது துடிப்பு சில வேளைகளில் மட்டும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடைவெளியில், ஓரிரு மைக்ரோ விநாடி கழித்து வந்தால் எதையும் சரிசெய்ய வேண்டாம். மியூவான் ஒன்று பலகையில் நின்று, சிதைந்து, எலக்ட்ரானை வெளியிட்டிருக்கிறது. அதன் சராசரி ஆயுட்காலம் 2.2 மைக்ரோ விநாடி. பலகை மெல்லியது என்பதால் இப்படி நிற்பவை மிகக் குறைவு.

அறிகுறி: மாதக்கணக்கில் துடிப்பின் உயரம் தேய்ந்துகொண்டே வருகிறது

மின்னழுத்தத்தைச் சற்று ஏற்றினால் உயரம் திரும்பிவிடும் என்பது உண்மைதான். எலக்ட்ரான்களைப் படிப்படியாகப் பெருக்கும் டைனோடு தகடுகள் 10 கொண்ட குழாயில் பெருக்கம் மின்னழுத்தத்தின் ஏழெட்டாம் அடுக்கில் ஏறும். 10 சதவீதம் ஏற்றினால் பெருக்கம் இரண்டு மடங்காகிவிடும். அந்த வசதியே ஆபத்து. குழாயை எட்டும் ஒளி குறைந்திருக்கும்போது பெருக்கத்தை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

முதலில் பார்க்க வேண்டியது, ஒளிவழிகாட்டிக்கும் குழாயின் முகத்துக்கும் நடுவே தடவிய சிலிகான் கிரீஸை. கோடையில் அது இளகி வழிந்து காற்றுக்கு இடம் விடும். சிண்டிலேட்டரின் ஒளிவிலகல் எண் 1.58, காற்று இடைப்பட்டால் 39 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். பழைய கிரீஸை மென்மையான துணியால் துடைத்து, நடுவில் ஒரு துளி வைத்து, குமிழி ஓரங்களுக்கு ஒதுங்கும்படி மெல்ல அழுத்திப் பொருத்துங்கள்.

அடுத்தது பலகையின் பரப்பு. வெறும் கையால் அதைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தும், தீபாவளியை ஒட்டிய வாரத்தில் ஒருவர் சீப்புச் சீடை தின்ற கையோடு பலகையைத் தூக்கியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து மறைப்பைப் பிரித்துப் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தபோது, நான்கு விரல்களின் தடமும் மயிரிழை விரிசல்களாக அப்படியே தெரிந்தன. அந்த விரிசல்கள் ஒளியைச் சிதறடிக்கும். அவற்றைப் போக்க வழியில்லை. அசிட்டோன் போட்டுத் துடைக்கலாமே என்று கேட்பவருக்கு: அது பலகையையே கரைத்துவிடும்.

அறிகுறி: ஐப்பசி, கார்த்திகையில் மின்னோட்டம் ஏறுகிறது

மழைக்காலத்தில் மின்தடைத் தொடரின் கணக்கைவிட மின்னோட்டம் கூடுதலாகவும், நிலையில்லாமலும் இருந்தால், கனெக்டரின் பரப்பில் படிந்த ஈரமும் தூசியும் வழியாக அது கசிகிறது. விளக்குகளை அணைத்துவிட்டுக் காது கொடுத்தால் மெல்லிய சீறல் கேட்கும். சில வேளைகளில் ஓசோனின் வாடையும் வரும். மின்னழுத்தத்தை இறக்கி, கனெக்டர்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பேஸில் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஈயப்பற்று முனைகளை உருட்டிவிடுங்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்து, நிறம் மாறியதும் வறுத்துத் திரும்ப வையுங்கள். முனைகள் பச்சை பூத்திருந்தால் சுரண்டிக்கொண்டிருக்காமல் கனெக்டரை மாற்றிவிடுவதே மேல். உலோக அரிப்பையும் ஆராயும் ஒரு மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை காரணம் ஈரமல்ல, பேஸுக்குள் பல்லி இட்டிருந்த முட்டை. கேபிள் நுழையும் துளையை இப்போது மெழுகால் அடைத்திருக்கிறோம்.

அறிகுறி: எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது

இது பழுதல்ல. சராசரி 30 என்றால் அதன் வர்க்கமூலமான ஐந்தரை அளவுக்கு மேலும் கீழும் போவது இயல்பு. ஒரு நிமிடம் 24-உம் அடுத்த நிமிடம் 36-உம் வந்தால் கருவியைத் தொட வேண்டாம். 10 நிமிடம் எண்ணினால் 300-க்கு 17 கூடலாம், குறையலாம். காற்றழுத்தம் ஏறும்போது மியூவான்கள் சற்றே குறைவது உண்மைதான் என்றாலும், நாள்தோறும் நடக்கும் அந்த மாற்றம் 1 சதவீதத்துக்கும் குறைவு. அரை சதவீத மாற்றத்தைச் சொல்ல வேண்டுமானால் 40,000 உடனிகழ்வுகள் சேர வேண்டும். எங்கள் தொலைநோக்கியில் அதற்கு 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படி எண்ணத் தொடங்குமுன், உயர் மின்னழுத்தத்தைச் சுழியாக்கி 10 நிமிடம், 200 நானோ விநாடித் தாமதத்தில் 10 நிமிடம் எண்ணி, இரண்டையும் நேரத்தோடும் வெப்பநிலையோடும் குறிப்பேட்டின் அன்றைய பக்கத்தில் முதல் இரண்டு வரிகளாக எழுதிவிடுங்கள்.